தகட்டுக்குப் பின்னால் ஒட்டிய தாள்

அன்று அங்கே இருந்தவர்கள் ஐந்து பேர். நான், சுவா செங் லியாட், வயது எழுபத்தாறு. காலஞ்சென்ற என் தம்பியின் மகன் வெய் ஹான். மாநகர் மன்றத்தின் பாரம்பரியக் கட்டடப் பிரிவு அதிகாரி நொராய்னி. ஆய்வுக் குழுவில் இருக்கும் கட்டடக்கலைஞர் டெஸ்மண்ட் குவெக். சாரம் கட்டும் மேஸ்திரி வேலாயுதம். ஐந்து பேரும் இன்று உயிரோடு இருக்கிறோம். நம்பாதவர்கள் மற்ற நால்வரையும் போய்க் கேட்கலாம். பொய் சொல்லிப் பெயர் வாங்கும் வயதில் நான் இல்லை. எங்கள் குடும்பத்துக்கு அந்த வழக்கமும் இல்லை என்றுதான் என் அப்பா சொல்வார்.

ஜார்ஜ் டவுனில், துறைமுகத்தை ஒட்டிய தெரு. நூற்றைம்பது வருடக் கடைவீடுகளின் வரிசையில் எங்கள் கட்டடம் மட்டும் புதியது. புதியது என்றால் 1961. கப்பலுக்குக் கயிறும் சாயமும் விற்று அப்பா கட்டிய நான்கு மாடி. மூன்றாம் மாடிச் சன்னல்களுக்குக் கீழே கடையின் பெயர், மூன்று சீன எழுத்துகள், சிமெண்டில் வார்த்தவை. ஒவ்வொன்றும் ஆள் உயரம். 1966-இல் அப்பாவே முகப்பின் மேல்பாதியை அலுமினியத் தகடுகளால் மூடிவிட்டார். சன்னல்களும் எழுத்துகளும் உள்ளே போயின. வெயில் தாங்கவில்லை என்று தெருவில் சொன்னோம்.

சாகும்போது அப்பா என்னிடம் ஒன்றுதான் கேட்டார். "தகட்டைக் கழட்ட விடாதே." நான் விடவில்லை. திறந்தால் என்ன தெரியும் என்பது எனக்குத் தெரியும். தெருவில் நாங்கள் தலைநிமிர்ந்து நடந்ததெல்லாம் அந்தத் தகடு மூடியிருந்ததால்தான்.

வெய் ஹானுக்குக் கட்டடத்தைத் தங்கும் விடுதியாக்க ஆசை. புதிய கட்டடமே ஆனாலும் பழைய நகர எல்லைக்குள் இருப்பதால் முகப்பில் ஒரு ஆணி அடிக்கவும் அனுமதி வேண்டும். மூன்று வருடம். நான்கு கூட்டம். வரைபடத்தைத் திருத்து, நிறத்தை மாற்று, கண்ணாடி வேண்டாம், விளக்கைக் குறை. கட்டடத்தின் வரலாறு எழுதித் தா என்றார்கள், எழுதித் தந்தேன். யார் யார் குடியிருந்தார்கள் என்று கேட்டார்கள். அப்பா, அம்மா, நான், தம்பி என்று நான்கு பெயர் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். கடைசியில் அவர்கள் சொன்னது, "ஒரு தகட்டைக் கழற்றி உள்ளே இருப்பதைப் பார்த்த பிறகுதான் முடிவு."

மறுத்தால் வெய் ஹானின் மூன்று வருட உழைப்பு குப்பைக்குப் போகும். களைத்துப் போயிருந்தேன். சரி என்றேன்.

புது விளக்குகளை அந்தி மங்கும்போது பார்க்க வேண்டும் என்பதால் மாலை நேரம் குறித்தார்கள். முதலில் குறித்த நாள் சீன நாள்காட்டியின் ஏழாம் மாதத்தில் விழுந்தது. ஆவிகள் உலவும் மாதத்தில் ஆணி பிடுங்க வேண்டாம் என்று வெய் ஹான் தள்ளிப்போட்டான். புது நாள், 2024 செப்டம்பர் 5, வியாழக்கிழமை. நாள்காட்டியில் சீனத் தேதியை நான் பார்க்கவில்லை. பார்த்திருக்க வேண்டும்.

மாலை 6.35. எதிரே உள்ள கோப்பிக்கடையில் கூடினோம். வருகைத்தாளில் ஐந்து கையெழுத்து.

"அங்கிள், மூணு மாடி ஏறிருவீங்களா?" என்று நொராய்னி கேட்டார்.

"பதின்மூணு வயசுலேருந்து ஏறின படி."

டெஸ்மண்ட் கோப்பியை உறிஞ்சினார். "இவரு ஏறிருவாரு. இவரோட விண்ணப்பந்தான் மூணு வருஷமா முதல் படியிலயே மூச்சு வாங்குது."

வேலாயுதம் மட்டும் சிரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

6.50. வேலாயுதம் வெளியே சாரத்தில் ஏறினார். நாங்கள் நால்வரும் உள்ளே படியேறினோம். ஒவ்வொரு மாடியிலும் நான் நின்று மூச்சு வாங்கினேன். இரண்டாம் மாடியில் நிற்கும்போது ஒரு வாசனை வந்தது. அரிசிமாவைக் காய்ச்சிய பசை. வெதுவெதுப்பாக, லேசாகப் புளித்து...

"பக்கத்துல சாமிக்கு எரிக்கிற தாள் விக்கிற கடை இருக்குல்ல, பெரியப்பா. அங்கேருந்து வருது," என்றான் வெய் ஹான்.

படிக்கட்டுச் சன்னலுக்கு வெளியே, சாரத்தில் நின்ற வேலாயுதத்தின் காதில் அது விழுந்திருக்கிறது. "அந்தக் கடை மூடி ரெண்டு வருஷம் ஆச்சு தம்பி. இப்ப அங்க கேக் விக்கிறானுங்க."

மேலே போனோம்.

7.04. மூன்றாம் மாடி முன்னறை. சாமான் அறை என்று நாங்கள் சொல்லும் அறை. உள்ளே சாமான் எதுவும் இல்லை. கதவின் தாழ்ப்பாள் வெளிப்பக்கம் இருந்தது. நொராய்னி அதைப் படம் எடுத்தார்.

சன்னல்கள் மூன்று. ஓரத்துச் சன்னல்கள் இரண்டின் விளிம்பிலும் விரல் தடிமனுக்குத் தூசி. நடுச் சன்னலின் விளிம்பில் தூசியே இல்லை. துடைத்ததுபோல் இருந்தது. திறந்தால் எதிரே தகட்டின் முதுகு. சுவருக்கும் தகட்டுக்கும் நடுவே நாலு விரல் இடைவெளி, கீழ்வரை ஒரே இருட்டு. ஒரு குழந்தைகூட அங்கே நிற்க முடியாது.

7.10. சத்தம் கேட்டது.

சர்ர்ர்... சர்ர்ர்...

இழுத்து, நிறுத்தி, மறுபடி இழுத்து.

தகட்டுக்கு வெளியிலிருந்து வேலாயுதம் சொன்னார். முதலாளியான என்னை அவர் கூப்பிடுவது தவுக்கே என்றுதான். "புறாவா இருக்கும், தவுக்கே."

"எந்த ஊருப் புறா காலைத் தேய்ச்சுத் தேய்ச்சு நடக்குது?" என்றார் டெஸ்மண்ட். ஆனால் குரலில் அந்தப் பழைய கிண்டல் இல்லை.

அது புருசின் சத்தம். தாளில் பசை தடவும் அகலப் புருசு. எனக்குத் தெரியும். நான் சொல்லவில்லை.

7.14. வேலாயுதம் திருகுகளைக் கழற்றினார். எல்லாம் துருப்பிடித்துத் தகட்டோடு ஒன்றிப் போனவை. பன்னிரண்டில் ஒன்பதை அறுத்துத்தான் எடுக்க முடிந்தது. பன்னிரண்டும் போன பிறகும் தகடு வரவில்லை.

"உள்ளேருந்து ஒட்டிக்கிட்டிருக்கு, தவுக்கே."

"இழுங்க," என்றார் நொராய்னி.

இழுத்தார். ஈரத்துணியைக் கிழிப்பதுபோல் ஒரு சத்தத்தோடு தகடு கழன்றது.

அந்தி வெளிச்சம் ஐம்பத்தெட்டு வருடத்துக்குப் பிறகு உள்ளே விழுந்தது. சன்னலிலிருந்து குனிந்து பார்த்தோம். நடு எழுத்து. அப்பாவின் எழுத்து. அதன்மேல் குறுக்காக இரண்டு வெள்ளைத் தாள் பட்டைகள்.

எங்களில் யாருக்கும் அதை விளக்க வேண்டியதில்லை. வீட்டில் சாவு விழுந்தால் பெயர்ப்பலகைமேல் வெள்ளைத் தாளைக் குறுக்காக ஒட்டுவோம். துக்கம் முடிந்ததும் அதைக் கிழித்துவிட்டுச் சிவப்புத் துணி கட்டுவோம். கிழிக்காதவரை துக்கம் முடியவில்லை என்று அர்த்தம்.

"சாவுத்தாளு," என்றார் டெஸ்மண்ட். "யாரு செத்தது?"

"யாரும் சாகல."

"தாள் ஒட்டியிருக்கே, அங்கிள்."

"நான் எழுதிக் குடுத்த வரலாறு உங்க கையில இருக்கு. அதைப் படிங்க. தகடு போடறதுக்கு முன்னால இந்த வீட்டுல யாரும் சாகல."

வெய் ஹான் என்னைப் பார்த்தான். நான் நிமிர்ந்து நின்றேன்.

வேலாயுதம் தாளின் ஓரத்தைத் தொட்டார். சட்டென்று கையை எடுத்துக்கொண்டார். விரல்களை ஒன்றோடொன்று தேய்த்தார். அவை ஒட்டி ஒட்டிப் பிரிந்தன.

"தவுக்கே... ஈரமா இருக்கு."

மழை பெய்து பதினோரு நாள் ஆகியிருந்தது.

7.25. விளக்குச் சோதனைக்காக எல்லோரும் தெருவுக்கு இறங்கினார்கள். வேலாயுதமும் சாரத்திலிருந்து இறங்கிவிட்டார். என் முழங்கால்களுக்கு இன்னொரு முறை ஏறி இறங்கத் தெம்பில்லை.

"நீங்க போங்க. நான் இங்கயே உட்காந்திருக்கேன்."

"தனியாவா, பெரியப்பா?"

"என் வீடுடா."

நடுச் சன்னலருகே ஒரு முக்காலியில் உட்கார்ந்தேன். அலுப்பு என்றால் அப்படி ஒரு அலுப்பு. கோபம் வரவேண்டிய இடத்தில்கூடக் கோபம் வரவில்லை. கைபேசியில் வெய் ஹானின் குரல் மட்டும்.

"பெரியப்பா, லைட் போடறோம்."

7.31. முகப்பு விளக்குகள் எரிந்தன. அறை மஞ்சளானது.

"இப்ப எல்லாத்தையும் அணைக்கிறோம். ரெண்டு நிமிஷம். இருட்டுல ஒரு படம் எடுக்கணுமாம்."

அணைந்தது.

இருட்டு.

சர்ர்ர்...

சுவருக்கு வெளியே, கீழே.

சர்ர்ர்...

சன்னல் விளிம்பில்.

பசை வாசனை முகத்தில் மோதியது. வெதுவெதுப்பு. அப்போதுதான் காய்ச்சி இறக்கியதுபோல்.

"யாரு?" என்றேன்.

மூச்சு மட்டும். காய்ச்சல்காரரின் மூச்சு... வேகமாக... மேலோட்டமாக.

"இங்க யாரும் சாகல," என்றேன். ஏன் சொன்னேன் என்று தெரியாது. சொல்லிச் சொல்லிப் பழகிய வாய்.

சத்தம் நின்றது.

என் வலது கை...

தோளுக்குக் கீழே... சட்டைமேல்...

குளிர்ச்சியாக ஏதோ பட்டது.

விரல்கள்.

தட்டின. ஒருமுறை... இரண்டுமுறை...

ஒட்டிய தாளின் ஓரம் எழும்பாமல் இருக்கத் தட்டுவோமே, அப்படி.

7.33. விளக்கு வந்தது.

அறையில் நான் மட்டும்.

என் வலது சட்டைக் கையில் ஒரு வெள்ளைத் தாள். இரண்டு விரல் அகலச் சதுரம். பசை இன்னும் வழிந்துகொண்டிருந்தது.

துக்கம் காப்பவர்கள் சட்டைக் கையில் ஒரு சின்னத் துண்டு அணிவது எங்கள் முறை. இறந்தது ஆண் என்றால் இடது கை. பெண் என்றால் வலது.

மூன்று மாடியும் யார் துணையும் இல்லாமல் இறங்கினேன். தெருவில் நால்வரும் என் சட்டையைப் பார்த்தார்கள். நொராய்னி வாய்க்குள் பிரார்த்தனை சொன்னார்.

"பெரியப்பா, அதை எடுத்துரட்டுமா?" என்றான் வெய் ஹான்.

"வேண்டாம். இருக்கட்டும்."

துக்கம் காக்கும் நூறு நாளும் அது என் சட்டையில் இருந்தது.

மூன்று வாரம் கழித்து நொராய்னி ஆய்வறிக்கை அனுப்பினார். பழைய சுவரில் எத்தனை முறை சாயம் அடித்திருக்கிறார்கள் என்று ஒவ்வொரு பூச்சாக உரித்து எண்ணுவது அவர்கள் வேலைமுறை. எழுத்தின்மேல் இருந்த தாளையும் அப்படியே உரித்திருக்கிறார்கள். அது ஒரு தாள் இல்லை. ஒன்றின்மேல் ஒன்றாக ஐம்பத்தொன்பது தாள்கள். அடியில் இருந்தது தொட்டால் பொடியும் பழுப்பு. மேலே வர வரப் புதியது. திருகுகள் முதலில் முடுக்கியபின் ஒருமுறைகூடக் கழற்றப்பட்டதில்லை என்று கீழே ஒரு குறிப்பு.

அன்று நாள்காட்டியை எடுத்தேன். செப்டம்பர் 5, எட்டாம் மாதம் மூன்றாம் நாள். 1966-இலிருந்து விரல்விட்டு எண்ணினேன். அந்த வருடத்தையும் சேர்த்தால் ஐம்பத்தொன்பது எட்டாம் மாதங்கள்.

முதல் தாளை ஒட்டியது என் அம்மா. 1966-இல் அதே எட்டாம் மாதம் மூன்றாம் நாள் விடியுமுன், அந்த நடுச் சன்னலிலிருந்து தொங்கி ஒட்டினார். பசைக் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றவன் நான். அப்பா கிழிக்கவில்லை. இறந்தவருக்காக ஒட்டியதைக் கிழிக்க அவருக்கும் கை வரவில்லை. நான்கே நாளில் தகடு வந்தது. அம்மா 1971-இல் போய்விட்டார். மற்ற ஐம்பத்தெட்டையும் ஒட்டியது யார் என்று எனக்குத் தெரியாது. அம்மாவா, அல்லது யாருக்காக ஒட்டப்பட்டதோ அவளேயா.

ஐந்தாவது கூட்டத்துக்கு நானே போனேன். வரலாற்றுத் தாளை வாங்கி, நான்கு பெயருக்குக் கீழே ஐந்தாவது பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டேன். தகடுகள் முழுவதையும் எடுத்துவிடுங்கள், எழுத்துகள் தெரியட்டும் என்றேன். அனுமதி அன்றே கிடைத்தது. நூறாம் நாள் நடு எழுத்தில் சிவப்புத் துணி கட்டினேன். அதற்குப்பின் சத்தம் இல்லை. பசை வாசனை மட்டும் சில சமயம், இரண்டாம் மாடிப் படியில்...

தெருவில் இப்போது ஒரு பேச்சு உலவுகிறது. வேலாயுதம் கோப்பிக்கடையில் சொன்னதிலிருந்து தொடங்கியது; பழைய ஆட்கள் மீதியை நிரப்பிவிட்டார்கள். அந்தக் காலத்தில் சுவா வீட்டு மூன்றாம் மாடியில், பக்கத்து மாநிலமான கெடாவிலிருந்து வந்த வேலைக்காரி ஒருத்தி காய்ச்சலில் செத்தாளாம். அவள்தான் அது என்கிறார்கள்.

அந்தப் பேச்சைக் கட்டிவிட்டதே நாங்கள்தான். சன்னலில் தெரிகிற பெண் யார் என்று கேட்டவர்களிடம் அப்பா சொல்லச் சொன்னதை, பதினெட்டு வயதில் என் வாயாலேயே சொன்னேன். அவள் ஒருவனோடு போய், நான்கு மாதத்தில் திரும்பி வந்தாள். அப்பா கதவைத் திறந்து உள்ளே விட்டார். பிறகு வெளியிலிருந்து தாழ் போட்டார். பதினோரு மாதம், காய்ச்சல் அவளைக் கொண்டுபோகும்வரை.

எங்கள் வீட்டில் வேலைக்காரி யாரும் இருந்ததில்லை. அவள் பெயர் சுவா கிம் லூன். வயது இருபத்திரண்டு. என் அக்கா.