மாலைக்கண் உண்டா என்ற கேள்விக்கு நான் எழுதிய பதில்

இன்று பேங்க்கில் ஒரு அம்மா பாரத்தை நீட்டி, "கொஞ்சம் எழுதிக் குடும்மா" என்றார்.

கண்ணாடி கொண்டுவரவில்லை என்று பொய் சொல்லிவிட்டு வந்துவிட்டேன். (கண்ணாடி மூக்கின் மேல்தான் இருந்தது.)

நான் அடுத்தவருக்குப் பாரம் எழுதி ஐம்பது வருடமாகிறது. ஏன் என்று யாரிடமும் சொன்னதில்லை. ஒரு விரலால் டைப் அடிக்கிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எழுபதுகளின் தொடக்கம். கல்கத்தா ரோட்டில் எளாவூர் செக்போஸ்ட்டுக்குப் பக்கத்தில் குடியிருந்தோம். என் கணவர் தேவராஜ் லாரி கிளீனர். அத்தை மகன் என்பதால் மாமா என்றுதான் கூப்பிடுவேன். எங்கள் இரண்டு குடும்பத்திலும் எல்லோரும் அடுத்தவர் வயலில் கூலிக்குப் போனவர்கள். அதை விட்டு வண்டியேறிய முதல் ஆள் அவர்.

நான் மிஷன் பள்ளியில் பத்தாவது வரை படித்தவள். அவருக்குக் கையெழுத்து மட்டும் போட வரும்.

ஆறு வருடம் டயர் மாற்றி, தார்ப்பாய் கட்டி, டிரைவரிடம் திட்டு வாங்கி ஸ்டியரிங் பிடிக்கக் கற்றுக்கொண்டார். ஓனரும் சொல்லிவிட்டார்: "லைசென்ஸ் எடுத்துக்கினு வாடா, பழைய வண்டி உனுக்குத்தான்."

ஒரே ஒரு தடை. பொழுது சாய்ந்தால் அவருக்குக் கண் தெரியாது.

பகலில் தூரத்தில் வரும் லாரியின் நம்பரைச் சொல்லிவிடுவார். விளக்கு வைக்கும் நேரத்தில் சுவரைத் தடவிக்கொண்டு நடப்பார். வண்டியில் இருட்டிய பிறகு கிளீனருக்குப் பெரிய வேலை இல்லை, அதனால் வெளியே யாருக்கும் தெரியாது.

ஓனர் அப்படிச் சொன்ன சமயம், ஒரு சாயங்காலம் சைக்கிளில் வந்தவர், வாசலில் விளையாடிக்கொண்டிருந்த எங்கள் இரண்டு வயது மகள் மேல் மோதிவிட்டார். புருவத்தில் மூன்று தையல். "தெரியலமே, சத்தியமா தெரியல" என்று தெருவில் உட்கார்ந்து அழுதார்.

அடுத்த மாதம் லைசென்ஸ் பாரம் வந்தது. எல்லாம் இங்கிலீஷ். நான்தான் படித்துச் சொல்லி நிரப்பினேன்.

"மாலைக்கண் கீதான்னு கேக்குறாங்க மாமா."

"இல்லன்னு எழுது."

"ராத்திரி ஓட்டச் சொன்னா இன்னா பண்ணுவ?"

"பகல் லோடு மட்டும் எடுக்குறேன்னு ஓனராண்ட சொல்லிக்கிறேன். நீ எழுதுமே."

கல்கத்தா ரோட்டில் எந்த லாரி இருட்டியதும் நின்றது?

மகள் புருவத்தில் தையல் போட்ட இடம் இன்னும் சிவந்திருந்தது. நான் 'எஸ்' என்று எழுதினேன். அவர் கீழே கையெழுத்துப் போட்டார்.

வீட்டிலேயே சொல்லியிருக்கலாம். தைரியம் வரவில்லை.

திருவள்ளூரில் லைசென்ஸ் கேம்ப். மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு நானும் போனேன். மாமா வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். பாரத்தைப் படித்துக்கொண்டே வந்த கிளார்க் நிறுத்தினார்.

"மாலைக்கண் இருக்குன்னு போட்டிருக்க?"

மாமா திரும்பி என்னைப் பார்த்தார். கோபமாக இல்லை. ஏதோ வழி கேட்பவர்போலப் பார்த்தார்.

"கேக்குறேன்ல, யாருய்யா எழுதினது?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவர் சொன்னார். "நாந்தான் சார் எழுதச் சொன்னேன். கீறத கீதுன்னு சொல்லணும்ல."

"அப்புறம் எதுக்குய்யா இவ்ளோ தூரம் வந்த?"

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். மாமாவும் சேர்ந்து சிரித்தார்.

பஸ்ஸில் மகளை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் உட்கார்ந்தார். "மாமா, நான் இன்னாத்துக்கு அப்டி..." என்று ஆரம்பித்தேன்.

"பாப்பா தூங்குது. சும்மா இரு."

அதைப் பற்றி அவர் பேசியது அவ்வளவுதான். அதற்குப் பிறகு ஒருநாளும் பேசவில்லை. திட்டவில்லை, அடிக்கவில்லை. அடித்திருந்தால்கூடத் தேவலை.

வண்டி வேறொரு கிளீனருக்குப் போனது. அவன் ஓட்ட, தான் பக்கத்தில் உட்கார முடியாது என்று அரிசி மில்லில் மூட்டை தூக்கப் போனார். சர்ச்சில் பார்த்த ஒரு நர்ஸ், கண்ணுக்கு மாத்திரை இருக்கிறது, சரியாகலாம் என்றார். ஓடிவந்து சொன்னேன்.

"கண்ணு நல்லாயி இன்னா பண்ணப் போறேன்?"

அதன் பிறகுதான் ஒன்றைக் கவனித்தேன். அரக்கோணத்திலிருந்து அவர் அண்ணன் போட்ட கடிதத்தை எடுத்துக்கொண்டு டீக்கடைக்குப் போனார். மில்லில் கொடுத்த நோட்டீஸுக்கும் டீக்கடை. மகளைப் பள்ளியில் சேர்க்கும் பாரத்தை வாத்தியாரிடமே எழுதி வாங்கினார். வீட்டில் பத்தாவது படித்தவள் நான் இருந்தேன்.

ஒருமுறை கேட்டேவிட்டேன். "நான் படிக்கிறேனே மாமா?"

"உனுக்கு எதுக்கு பேஜாரு."

நான் எழுதியது சரிதான் என்று காட்டும்படி எதுவும் நடக்கவில்லை. அவர் ஓட்டியிருந்தால் யாராவது செத்திருப்பார்களா, தெரியாது. ஓட்டாமல் போன ஒரு ஆள் கொஞ்சம் கொஞ்சமாக வற்றியதை மட்டும் கூடவே இருந்து பார்த்தேன்.

எழுபதுகள் முடிவதற்குள் மூட்டை சரிந்து முதுகில் விழுந்தது. ஆபரேஷன் என்றார்கள். சம்மதப் பாரத்தை நர்ஸ் என் கையில் கொடுத்து, "படிச்சுக் காட்டி கையெழுத்து வாங்கும்மா" என்றார்.

மாமா படுத்தபடியே கையை நீட்டி அதை வாங்கி நர்ஸிடம் திருப்பிக் கொடுத்தார்.

"அவளாண்ட வேணாம் சிஸ்டர். நீங்களே படிச்சி சொல்லுங்க."

நர்ஸ் என்னை ஒருமுறை பார்த்துவிட்டுப் படித்தார். மாமா கையெழுத்துப் போட்டார். ஆபரேஷனுக்குப் பிறகு அவர் கண் விழிக்கவே இல்லை.

வண்டி ஓட்டுகிறவர்கள், ஓட்டுகிறவர் வீட்டில் இருக்கிறவர்கள் இதைப் படித்தால் சொல்லுங்கள். அன்று நான் 'நோ' என்று எழுதியிருக்க வேண்டுமா? என் சமாதானத்துக்காக எதுவும் சொல்ல வேண்டாம்.