அடிபட்டவர் வீட்டுக்கு முதலில் போனவர்

ஷம்சாத் மேடம் காலமான செய்தியை எனக்குச் சொன்னவன் செல்வராசு. முசிறியில் வாழைத்தார் லாரிகளுக்கு லோடு ஏற்றுகிறவன். ஒரு காலத்தில் நீதிமன்றம் அவரது கண்காணிப்பில் விட்டிருந்த ஆள். "சார், மேடம் போயிட்டாங்க சார்" என்றான். அன்று பிற்பகலே தென்னூரில் அடக்கம். பள்ளிவாசலுக்கு வெளியே வக்கீல்கள் நின்றார்கள். அவர் எழுதிய அறிக்கையால் சிறைக்குப் போகாமல் வீட்டுக்குப் போனவர்களும் நின்றார்கள்.

அவரோடு பழகியவர்களுக்கு அவரது வேலையைச் சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். அவர் நன்னடத்தை அலுவலர். முதல்முறை குற்றம் செய்த ஒருவரைச் சிறைக்கு அனுப்பாமல் கண்காணிப்பில் விடலாமா என்று நீதிபதி கேட்டால், விசாரித்து அறிக்கை தருவார். நான் அப்போது ஸ்ரீரங்கத்தில் தீயணைப்பு நிலைய அலுவலர்.

லாரியை நிறுத்துவதில் வந்த தகராறில், டீக்கடை ராமலிங்கத்தின் கையைச் செல்வராசு கம்பியால் அடித்து உடைத்திருந்தான். மேடம் விசாரணைக்கு முதலில் போனது ராமலிங்கத்தின் வீட்டுக்கு. எந்த வழக்கிலும் அவர் அப்படித்தான்.

"என் கையை உடைச்சவனுக்கு நல்ல பேரு எழுதவா வந்தீங்க?" என்று ராமலிங்கம் கத்தியிருக்கிறார்.

"உங்க கை எப்படி இருக்குன்னு பார்க்க வந்தேங்க. அதையும் எழுதணும்ல" என்றாராம் மேடம். இதை எனக்குச் சொன்னவர் ராமலிங்கமே. சொல்லும்போதும் அவருக்குக் கோபம் தணிந்திருக்கவில்லை.

நீதிமன்றம் செல்வராசுவைக் கண்காணிப்பில் விட்டது. மேடம் அவனைத் தன்னார்வலர்களுக்கான மீட்புப் பயிற்சிக்காக என் நிலையத்துக்கு அழைத்து வந்தார். "சார், இவனுக்கு நீச்சல் நல்லா வரும். கோபமும் நல்லா வரும். ரெண்டையும் சொல்லிட்டேன், அப்புறம் என்னைக் கேக்கக்கூடாது" என்றார். அவன் தலையைக் குனிந்துகொண்டான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் ஒருமுறை அவன் தன் அலுவலகத்துக்கு மாதக் கையெழுத்துப் போட வராமல் டிமிக்கி கொடுத்தபோது, நீதிபதியிடம் கொண்டுபோய் நிறுத்தியவரும் அவர்தான். "இரக்கப்படறது வேற, ஏமாறுறது வேற" என்பார்.

பிறகு கொள்ளிடத்தில் வெள்ளம் வந்தது. கரையோரத் தெருக்களில் வீட்டுக்குள் புகுந்த தண்ணீர் வடிந்தபோது, முழங்கால் அளவு சேறு மிச்சமிருந்தது. அதை அள்ள எங்கள் நிலையத்தில் ஆள் போதவில்லை. மேடம் தன் கண்காணிப்பில் இருந்தவர்களில் விருப்பமுள்ளவர்களைக் கூட்டிக்கொண்டு வந்தார். அந்தத் தெருக்களில் ஒன்றில்தான் ராமலிங்கத்தின் வீடும் இருந்தது.

"அவன் என் வாசப்படிய மிதிக்கக்கூடாது" என்றார் ராமலிங்கம்.

மேடம் சமாதானம் பேசுவார் என்று நினைத்தேன். அவர் பேசவில்லை. "மிதிக்க மாட்டாங்க. அது உங்க இஷ்டம்" என்றார். செல்வராசுவைத் தெருக்கோடிக்கு அனுப்பிவிட்டு, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, ராமலிங்கத்தின் வீட்டுக்குள் தானே மண்வெட்டியோடு இறங்கினார். உடைந்து கூடிய கையால் ராமலிங்கமும் முடிந்த அளவு அள்ளினார்.

கடைசியில் கவிழ்ந்து கிடந்த இரும்பு பீரோ ஒன்றுதான் பாக்கி. அதை நிமிர்த்த எங்கள் பலம் போதவில்லை. ராமலிங்கம் வாசலுக்கு வந்து தெருக்கோடியைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றார். பிறகு அவரே கையசைத்துக் கூப்பிட்டார். செல்வராசு வந்து படிக்கு வெளியே தயங்கினான்.

"மன்னிச்சுட்டேன்னு நினைச்சுக்காத. பீரோவப் பிடி" என்றார்.

அவன் பிடித்தான். திரும்பிப் போகும்போது மேடம் என்னிடம், "இது போதும் சார். இதுக்கு மேல அவர்கிட்ட நாம எதிர்பார்க்கக் கூடாது" என்றார்.

மேடம் ஓய்வுபெற்று உடல்நலமின்றி இருந்தபோது அவரைப் பார்க்கப் போனேன். "உங்க ரிப்போர்ட் எப்பவாவது தப்பாப் போயிருக்கா?" என்று கேட்டேன். "போயிருக்கு. வெளிய விட்டதுல ஒருத்தன் மறுபடி கத்தி எடுத்தான். வெட்டுப்பட்டவர் வீட்டுக்குப் போனேன். திட்டுனாங்க, நின்னு கேட்டுக்கிட்டேன். போகலைன்னா அடுத்த ரிப்போர்ட்டை எந்தக் கையால எழுதுறது?" என்றார்.

அந்தப் பதிலோடு நான் வீடு திரும்பினேன். காவிரியில் நாங்கள் நாள் முழுக்கத் தேடியும் உயிரோடு மீட்க முடியாத ஒருவரின் நினைவு எனக்கு உண்டு. அவர் குடும்பத்தைப் போய்ப் பார்க்கும் துணிவு எனக்கு அதுவரை வந்ததில்லை. அந்த வாரம் போனேன். அவர் மனைவி என்னை அடையாளம் கண்டுகொண்டார். திட்டுவார் என்று காத்து நின்றேன்.

"அன்னைக்கு முழுக்கத் தண்ணியிலயே கிடந்தீங்களே, உங்களுக்கெல்லாம் யாராவது சாப்பாடு குடுத்தாங்களா?" என்று கேட்டார்.

இப்போது பயிற்சிக்கு வருகிற புதியவர்களிடம் சொல்கிறேன்: காப்பாற்ற முடியாமல் போனவர் வீட்டுக்கும் ஒருமுறை போய் வாருங்கள். ஷம்சாத் மேடத்திடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டது இதுதான்.