வெளுத்துப்போன காந்தங்கள்

"மூணாவது தடவையும் வந்துருச்சு. புரட்டாசி முடியட்டும், பிரியாணி."

என் மனைவி செல்பேசியில் அனுப்பிய இந்தச் செய்தி ஆயுத பூஜைக்கு முந்தைய வாரம், புதன்கிழமை மாலை வந்தது. அதற்கும் ஒரு வாரம் முன்பு என்று நெடுநாள் நினைத்திருந்தேன். தேடிப் பார்த்துத் திருத்திக்கொண்டேன்.

அவள் கரிம வேதியியலாளர். மண்ணூர்பேட்டையில் ஒரு கட்டடத்தின் மாடியில் இயங்கும் சிறிய ஆய்வகத்தில் வேலை. மருந்துக் கம்பெனிகளுக்கு வேண்டிய மூலக்கூறுகளைச் செய்ய வழி கண்டுபிடித்துத் தருவார்கள். நான் ஆவடியில், பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் இருக்கிறேன். மாலையில் பைக்கில் போய் அவளை அழைத்துவருவேன். அவளுடைய வேதியியலில் எனக்குத் தெரிந்ததெல்லாம் முதுகுக்குப் பின்னாலிருந்து கேட்டதுதான்.

இரண்டு மூலக்கூறுகளை இணைப்பதற்கு வழக்கமாகப் பல்லேடியம் என்ற உலோகத்தை வினையூக்கியாகப் போடுவார்கள். பெரிய விலை. அவள் அதற்குப் பதிலாக மலிவான நிக்கலை வைத்து இணைத்திருந்தாள். "வந்துருச்சு" என்றது அதைத்தான். தையில் வாடிக்கையாளர்கள் நேரில் பார்க்க வருவதாக ஏற்பாடு. அவர்கள் முன்னால் வினை நடந்தால் ஆராய்ச்சி தொடரும். நடக்காவிட்டால், மற்றவர்கள் அனுப்பும் மாதிரிகளைச் சோதித்துக் கொடுக்கும் பழைய வேலைக்கு அவள் திரும்ப வேண்டும்.

ஆயுத பூஜையன்று குடும்பங்களையும் கூப்பிட்டிருந்தார்கள். வெற்றிடப் பம்புக்குச் சந்தனப் பொட்டு, தராசுக்குக் குங்குமம், பொரி, சுண்டல். அதற்கு முந்தைய நாளே எல்லாவற்றையும் கழுவியிருந்தார்கள். குடுவைக்குள் போட்டுக் கரைசலைக் கலக்குவதற்குச் சின்னக் காந்தங்கள் உண்டு. வெள்ளை உறையோடு மாத்திரை போல இருக்கும். உழைத்து உழைத்துச் சாம்பல் பூத்திருந்த அவற்றை அவளும், பக்கத்து மேசையில் வேலை செய்யும் சென்னீர்குப்பத்துக்காரரும் தங்கத்தையே கரைக்கும் அமிலமான ராஜதிராவகத்தில் ஊறவைத்து வெளுக்கவைத்திருந்தார்கள். ஒரு தட்டில் வைத்து என்னிடம் காட்டினாள்.

"பாருங்க, கடையில வாங்குன மாதிரி இல்ல?"

பூஜை முடிந்து மறுபடி தொடங்கியபோது வினை நடக்கவில்லை. ஐப்பசி முழுக்க நடக்கவில்லை. கரைப்பானை மாற்றினாள், நைட்ரஜன் சிலிண்டரை மாற்றினாள், மழை ஈரத்தைச் சந்தேகப்பட்டாள். வீட்டில் பேச்சு குறைந்தது. பழைய வேலைக்கான அறையில் தன் நாற்காலி இன்னும் கிடக்கிறது என்று ஒருநாள் சொன்னாள்.

கார்த்திகையில் ஒரு மாலை, கீழே டீக்கடையில் மூவரும் நின்றிருந்தோம்.

"இன்னாக்கா, இன்னிக்கும் புட்டுகிச்சா?" என்றார் சென்னீர்குப்பத்துக்காரர்.

"வாயக் கழுவு."

"நான் சொல்றேன் கேளு. பூஜைல சுண்டல் பத்தல. சாமி கோச்சிகினு பூட்சி. அன்னிலேர்ந்துதான இப்டி கீது."

அவள் சிரித்தாள். பிறகு டம்ளரை வைத்துவிட்டு அவரையே பார்த்தாள்.

"அன்னிலேர்ந்துதான். அன்னைக்கு நாம கழுவாதது எதாவது இருக்கா?"

"ஒண்ணு கீது. ஃபிரிட்ஜ் கதவுல லீவு லிஸ்ட்ட புட்ச்சிகினு நிக்குதே, அந்தக் கலக்குற காந்தம். அத நான் எடுக்கவே இல்ல."

டீயை முடிக்காமல் இருவரும் மாடியேறினார்கள். அந்தச் சாம்பல் நிறக் காந்தத்தைப் போட்டுச் செய்தபோது மறுநாள் வினை நடந்தது. அவள் எனக்குச் செய்தி எதுவும் அனுப்பவில்லை. பைக்கில் ஏறிய பிறகுதான் சொன்னாள்: "நிக்கல் தனியா செய்யலீங்க. முன்னாடி செஞ்ச வினைகள்ல காந்தத்துல ஒட்டிக்கிட்ட பல்லேடியம் கூட நின்னிருக்கு. நான் சொன்னது தப்பு."

இதை மறைத்து, சாம்பல் காந்தத்தோடு தையைத் தாண்டியிருக்கலாம். அவள் மறுநாள் காலையிலேயே முதலாளியிடம் சொன்னாள். அவர் என்ன சொன்னார் என்று மாலையில் கேட்டேன்.

"'திட்டத்துப் பேர்லயே நிக்கல்னு போட்டாச்சேம்மா'ன்னார். அப்புறம், 'சரி, நிஜம் என்னன்னு பாத்துட்டு வா, பொங்கல் வரைக்கும் பழைய வேலைக்கு உன்னை யாரும் கூப்பிட மாட்டாங்க'ன்னார்."

மார்கழி அதற்கே போயிற்று. புதுக் காந்தம் போட்டு, நிக்கலோடு கண்ணுக்குத் தெரியாத அளவு பல்லேடியத்தை வேண்டுமென்றே சேர்த்தாள், நடந்தது. பல்லேடியம் இல்லாமல் நிக்கல் மட்டும்: இல்லை. நிக்கல் இல்லாமல் அந்தத் துளிப் பல்லேடியம் மட்டும்: அதுவும் இல்லை. இரண்டும் கைகோத்தால்தான் வேலை நடக்கிறது. அது ஏன் என்பது இப்போது அவளுடைய கேள்வி. நிக்கல் மட்டும் போதும் என்று இருந்ததைவிட இது நல்ல கேள்வி என்கிறாள். தையில் வந்தவர்கள் அந்த மூன்று குடுவைகளையும் பார்த்தார்கள், ஆராய்ச்சி தொடர்கிறது.

ஒன்றைக் குறித்துவைக்க வேண்டும். கழுவப்படாத அந்தக் காந்தத்தின் மேல் படிந்திருந்தது என்ன என்று அறிய, அதை வெளியே ஓர் ஆய்வகத்துக்கு அனுப்பியிருக்கிறார்கள். முடிவு இன்னும் வரவில்லை. அது பல்லேடியம்தான் என்பது இதை எழுதும் நாள்வரை அனுமானம், உறுதி செய்யப்படவில்லை.