அத்தை கேட்ட தண்ணீர்

வாயை ஈயம் வைத்து அடைத்த சின்னச் செப்புச் சொம்பு அது. தொண்ணூறுகளில் ரயில்வே பாஸில் காசிக்குப் போய்த் திரும்பிய என் ஓரகத்தி, அதைக் கைப்பிள்ளையைப் போல் மார்போடு அணைத்துக்கொண்டு எங்கள் பெங்களூர் ஜீவனஹள்ளி வீட்டுக்குள் நுழைந்தாள். கங்கையில் முழுகியவள் காலைத் தொட்டால் நமக்கும் புண்ணியம் வருமென்று தெருவே வந்து விழுந்தது. நானும் விழுந்தேன், வயிறு எரிய எரிய.

அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். ஒரே வீட்டில் இரண்டு மருமகள்கள். மாமியாரைக் குளிப்பாட்டுவதும் துணி துவைப்பதும் நான். ஆனால் வருகிறவர்களிடமெல்லாம் அத்தை சொன்னது, "பெரியவ இருக்கா, கங்கத் தண்ணியோட போயிருவேன்" என்றுதான். உயிர் போகும்போது நாக்கில் கங்கை பட்டால் செய்த பாவமெல்லாம் போய்விடும் என்பது அவர் நம்பிக்கை. பூஜை அலமாரியில் அந்தச் சொம்பைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒருநாள் என் வீட்டுக்காரரிடம், "ஐப்பசி மாசம் கங்கையே காவேரிக்கு வந்துதான் பாவத்த கழுவிக்குதாம், தெரியுமா?" என்றேன். "அந்தக் காவேரிதான் நம்ம கொழாயில வருதே, போய்க் குளி" என்று சிரித்தார்.

அதுவும் உண்மைதான். பெங்களூரில் குழாய்த் தண்ணீருக்குக் காவேரி என்றே பெயர். துவைக்க போர் தண்ணீர், குடிக்கக் காவேரி. ஒருநாள் விட்டு ஒருநாள்தான் வரும். கண் விழித்ததும் அத்தை கேட்பதே, "காவேரி வந்துச்சா?" என்றுதான்.

அத்தைக்கு மூச்சு இழுத்த அன்று ஆண்கள் டாக்டரைக் கூப்பிடப் போயிருந்தார்கள். அக்கா கத்தியால் ஈயத்தை நெம்பி, கங்கையை ஸ்பூனில் ஊற்றி வாயருகே கொண்டுபோனாள். அத்தை உதட்டை இறுக்கி முகத்தைத் திருப்பிக்கொண்டார். "காவேரி வந்துச்சா?" என்றார். காலையில் தெருக்குழாயில் பிடித்த குடத்திலிருந்து ஒரு டம்ளர் எடுத்து வந்தேன். என் கையால் மெல்ல மெல்லக் குடித்தார். அதோடு மூச்சு அடங்கியது.

"காசிக்குப் போயிட்டு வந்தவ நிக்கிறேன், கொழாயடிக்குப் போனவ கையாலயா குடிக்கணும்?" என்றாள் அக்கா, அழுகையும் ஆத்திரமுமாக. அவளுக்கும் என்மேல் பொறாமை வரும் என்று அன்றுதான் தெரிந்தது. அழ வேண்டிய நேரத்தில் எனக்கு உள்ளே குளுகுளுவென்று இருந்தது. திரும்பி வந்த அவள் கணவர், "கங்க குடுத்தாச்சா?" என்று கேட்டார். "ஆச்சு" என்றாள். நான் அந்த டம்ளரை எடுத்துப்போய்க் கழுவிக் கவிழ்த்தேன்.

இப்போது ஆளுக்கொரு வீடு, வீட்டுக்குள்ளேயே குழாய். வருஷா வருஷம் திதிக்குக் கூடும்போது, அத்தை கங்கை வாங்கிக்கொண்டு போன புண்ணியவதி என்று சொல்லி, கொடுத்த அக்காவைச் சொந்தக்காரர்கள் புகழ்வார்கள். எனக்கு இன்னமும் எரியத்தான் செய்கிறது. ஆனால் அந்தப் பேச்சு முடியும்வரை அக்கா என் முகத்தைப் பார்ப்பதே இல்லை.