நான் விழுங்கிய வரி

எங்கள் ஊர் கீழ்வேளூர் பக்கம். நாற்று நட்ட வாரமே என் கணவரின் அண்ணன் எங்கள் வயலுக்கு வரும் மடையை அடைத்துவிட்டார். பயிர் கருகியது. கேட்டதற்கு, "உன் அப்பன் வீட்டுத் தண்ணியா?" என்றார். அன்றிலிருந்து ஆலயத்தில் எல்லோரும் சேர்ந்து சொல்லும் பரமண்டல ஜெபத்தில், மற்றவர்களை மன்னிக்கிறோம் என்று வரும் வரியை மட்டும் சொல்லாமல் விழுங்கினேன்.

ஒரு வீட்டு ஜெபக் கூட்டத்தில் போதகர், "இன்னைக்கு பரமண்டல ஜெபத்தை நீங்க சொல்லிக் குடுங்கம்மா, நாங்க பின்னாலயே சொல்றோம்" என்றார். பழக்கதோஷத்தில் அந்த வரியைத் தாண்டிவிட்டேன். எல்லோரும் திகைக்க, அதைத் தனியாக உரக்கச் சொன்னவர் யார் தெரியுமா? மடையை அடைத்தவரேதான்! எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

இப்போது அந்த வரியை விடுவதே இல்லை. கண்ணைத் திறந்து, அவர் முகத்தைப் பார்த்தே நிறுத்தி நிதானமாகச் சொல்கிறேன். ஒருநாள் அவரும் கண்ணைத் திறந்துவிட்டார். அடுத்த ஞாயிறு ஆலயத்தில் தூணுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தார். அவர் முகம் தெரிகிற இடமாகப் பார்த்து நானும் மாறி உட்கார்ந்தேன்.