கோழிகளுக்கு நான் செய்த அன்னதானம்

போன பௌர்ணமியன்று தொடங்கி மூன்று நாட்கள் நான் ஒரு கோழிப் பண்ணைக்கு இன்சார்ஜ். சிரிக்காதீர்கள்.

பண்ணை என் மைத்துனி கல்பனாவுடையது. அடி அண்ணாமலையில் ஐந்நூறு முட்டைக் கோழிகள். நாத்தனார் வீட்டுக் கல்யாணத்துக்கு வேலூர் கிளம்பியவள், வேங்கிக்காலில் ரிட்டயர்டு ஆகிச் சும்மா கிடந்த என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"மாமா, வயசான கோழிங்க. முட்டை கம்மியாயிடுச்சு. அதான் மோல்ட்டிங் போட்டிருக்கேன். தவிடு, தண்ணி, அவ்ளோதான். லைட் போடாதீங்க. இப்படி அரைப்பட்டினி போட்டா இறகு கொட்டும், முட்டை சுத்தமா நின்னுடும். அப்புறமா தீவனம் வெச்சா, புது இறகு முளைச்சு இன்னும் பல மாசம் நல்லா முட்டை விடும். இது தவறிச்சுன்னா எல்லாத்தையும் கறிக்குத்தான் தள்ளணும். பாவம் மட்டும் பார்த்துடாதீங்க!"

"எனக்குத் தெரியாதா?" என்றேன். தெரியாத விஷயங்களுக்கெல்லாம் என் பதில் இதுதான்.

அன்று மாலை வரை உறுதியாகத்தான் இருந்தேன். பிறகு கிரிவலப் பாதைப் பக்கம் காலாற நடந்தேன். பத்தடிக்கு ஒரு அன்னதானம்... "வாங்க சாமி, சாப்ட்டுப் போங்க!" புளியோதரை, சர்க்கரைப் பொங்கல், சாம்பார் சாதம் — நமக்கு மறுத்துப் பழக்கம் கிடையாதே? ஏப்பத்தோடு ஷெட்டுக்குத் திரும்பினால், இறகு உதிர்ந்த கழுத்துகளை நீட்டி அத்தனையும் என்னையே பார்க்கின்றன.

ஊரே சோறு போடுகிற நாளில் இதுகளுக்கு வெறும் தவிடா?

தீவன மூட்டையைப் பிரித்தேன். லைட்டையும் போட்டேன். மூன்று நாளும் அள்ளி அள்ளி வைத்தேன். அவை தின்ற வேகத்தைப் பார்த்து எனக்குக் கண் கலங்கிவிட்டது. கல்பனாவுக்கு இரக்கமே இல்லை என்றுகூட நினைத்தேன்.

அவள் திரும்பியபோது தட்டில் பதினாறு முட்டைகளோடு வாசலிலேயே நின்றேன். பாராட்டுவாள் என்று!

முட்டையைப் பார்த்ததும் அவள் முகம் செத்துவிட்டது.

"தீவனம் வெச்சீங்களா மாமா? பாதி கோழிக்கு இறகு கொட்டிச்சு, மீதிக்குக் கொட்டறது நடுவுலயே நின்னுபோச்சு. மறுபடியும் மொதல்லேர்ந்து போட்டா உடம்பு தாங்காது. இப்படியே விட்டா முட்டையும் ஒழுங்கா வராது."

கத்தியிருந்தால் தேவலை. அவள் ஷெட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். எனக்கு வெட்கமாக இருந்தது. அந்தக் கோழிகளை நினைக்க அதைவிட வேதனையாக இருந்தது.

இந்த வாரம் கறிக்கோழி வண்டி வந்தது. ஏற்றிக்கொண்டே வியாபாரி கேட்டார்: "மோல்ட்டிங்ல இருந்த கோழின்னு சொன்னீங்க... எடை நல்லா நிக்குதேம்மா! யாரு கவனிச்சுக்கிட்டது?"

கல்பனா என்னைக் கைகாட்டினாள். அவர் இரண்டு கைகளையும் கூப்பி என்னைக் கும்பிட்டார்.