கோப்புக்குள் இருந்த பெயர்

அசீனா ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து தினமும் பஸ்ஸில் ராஜபாளையம் போய்வந்தாள். அங்கே ஒரு உள்ளூர் கேபிள் சேனலில் வேலை. சேனல் தொடங்கியதிலிருந்து எடுத்த வீடியோக்கள் மொத்தமாகக் கம்ப்யூட்டரில் ஏற்றப்பட்டிருந்தன. ஒவ்வொன்றையும் பார்த்து தேதி, ஊர், அதில் இருப்பவர்கள் பெயர் எல்லாவற்றையும் சாப்ட்வேரில் பதிய வேண்டும். தேடினால் உடனே கிடைப்பதற்காகத்தான் அந்த ஏற்பாடு.

அவளுக்கு இந்த வேலை பிடித்திருந்தது. முன்பு ஜவுளிக்கடையில் பில் போட்டவள் என்பதால் ஊரில் பாதிப் பேரைத் தெரியும். 'பொதுமக்கள்' என்று எழுதிவிட்டு நகர அவளுக்கு மனசு வராது. தெரியாத முகமென்றால் யாரிடமாவது கேட்டுப் பெயரைப் போட்டுவிடுவாள்.

சேனல் உரிமையாளர் ஐயாதுரை பழைய செய்திகளை இணையத்தில் போடப்போவதாக அறிவித்தார். அதைப் பார்த்துவிட்டு கிருஷ்ணன்கோவிலிலிருந்து வெங்கடேஸ்வரி என்ற பெண் அலுவலகத்துக்கு வந்தாள். பல வருடங்களுக்கு முன்பு வீட்டை எதிர்த்துக் கல்யாணம் செய்து, மாலையும் கழுத்துமாகக் கணவனுடன் போலீஸ் ஸ்டேஷன் வாசலில் நின்றவள். சேனல் அதைப் படம் பிடித்திருந்தது.

"நான் வேல பாக்குற எடத்துல இதெல்லாம் யாருக்கும் தெரியாதுக்கா. எம் பேரத் தேடுனா இது வரக்கூடாது" என்றாள்.

வீடியோவை நீக்க ஐயாதுரை சம்மதிக்கவில்லை. பெயரை மட்டும் எடுத்துவிடச் சொன்னார். அசீனா அவள் பெயரையும் கணவன் பெயரையும் ஊரையும் அழித்தாள். திரும்பத் தேடிப் பார்த்தாள். எதுவும் வரவில்லை. வெங்கடேஸ்வரி நன்றி சொல்லிவிட்டுப் போனாள்.

கொஞ்ச நாளில் அவளிடமிருந்து போன் வந்தது. இணையத்தில் வீடியோ வந்திருந்தது. கீழே பெயர்களும் ஊரும் அப்படியே இருந்தன. கூட வேலை பார்க்கும் ஒருத்தி அதை அவளுக்கே அனுப்பியிருந்தாள்.

"நீங்க எடுத்துட்டேன்னு சொன்னீயளேக்கா. அத நம்பித்தான இருந்தேன்." போனை வைத்துவிட்டாள்.

அசீனா முதலில் வீடியோவை இணையத்திலிருந்து எடுத்தாள். பிறகு சாப்ட்வேரை விற்ற பாண்டிதுரைக்குப் போன் செய்தாள். அவர் நிதானமாக விளக்கினார். அவள் எழுதுவதை சாப்ட்வேர் தன்னிடம் ஒரு பிரதி வைத்துக்கொள்ளும், வீடியோ கோப்புக்குள்ளும் ஒரு பிரதி எழுதிவிடும். அவள் அழித்தது முதல் பிரதியை மட்டும். இணையத் தளம் கோப்புக்குள் இருந்ததைப் படித்துக்கொண்டது. இரண்டையும் அழிக்க வேறு ஒரு பட்டன் இருந்தது. அதை அவர் சொல்லிக் கொடுத்ததில்லை, அவளும் கேட்டதில்லை. அன்று அவள் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே வீட்டுக்குக் கொண்டுபோனாள்.

ஞாயிற்றுக்கிழமை கிருஷ்ணன்கோவிலுக்குப் போய் நடந்ததை நேரில் சொன்னாள். வெங்கடேஸ்வரி டீ போட்டுக் கொடுத்தாள். மகளும் அந்த வீடியோவைப் பார்த்துவிட்டாளாம். அப்பாவின் அந்தக் காலத்து மீசையைப் பார்த்துச் சிரித்தாளாம்.

"அவ பாத்தது பரவால்லக்கா. ஆபீஸ்லதான் இப்ப ஒரு மாதிரியாப் பாக்குறாவ" என்றாள்.

அசீனா அந்த வேலையை விடவில்லை. போலீஸ் ஸ்டேஷன், ஆஸ்பத்திரி, கோர்ட் வாசலில் எடுத்த வீடியோக்களில் மட்டும் இப்போது பெயர்க் கட்டத்தைக் காலியாக விட்டுவிடுகிறாள். தேடினால் ஒன்றும் வரமாட்டேன் என்கிறதே என்று ஐயாதுரை சில சமயம் சலித்துக்கொள்வார்.

"தேதி போட்டிருக்கேன் சார்" என்பாள்.